காளானில் வாழும் சின்னஞ்சிறு வண்டு: இனங்காண்பது எப்படி?

அடைமழை ஓய்ந்து இரண்டொரு நாள் கழிந்தபின் தோட்ட எல்லையை அடுத்துள்ள காட்டோரத்திற்குச் சென்றால், அதுவரை கண்ணிற் படாத ஓர் உலகம் அங்கே முளைத்திருப்பதைக் காணலாம். பட்டுப்போன பால்மரக் கட்டைகளில் விசிறி விசிறியாய் அடுக்கிய காளான்கள். கறையான் புற்றுகளின்மேல் குடை விரித்த புற்றுக் காளான்கள். செம்பனை ஆலையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய வெறுங்குலைகளின் இடுக்கில் தலைகாட்டும் மொட்டுக் காளான்கள். இவற்றுட் சிலவற்றைத் தோட்ட மக்கள் நெடுங்காலமாகப் பறித்து உண்டு வந்துள்ளனர். பால்மரக் கட்டையில் முளைக்கும் விசிறிக் காளானை மலாய்க்காரர்கள் 'குலாட் சிசிர்' என்று பெயரிட்டு விரும்பி உண்பர்.

காட்டோரத்தில் முளைத்த ஒரு காளானின் குடையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கீழ்ப்புறத்து மடிப்புகளுக்கிடையே, கடுகின் அளவேயான சிற்றுயிர்கள் வாலை உயர்த்திக்கொண்டு பரபரவென்று ஓடி ஒளிவதைக் காண்பீர்கள். அவற்றைக் கண்டதும் மூன்று ஐயங்கள் எழுவது இயல்பு. இவை எறும்புகளா? இவற்றைத் தொட்டால் தோல் வெந்து கொப்புளிக்குமா? பூச்சி தின்கின்ற இக்காளானை நாமும் நம்பி உண்ணலாமா? மூன்றாம் ஐயம் உயிரோடு தொடர்புடையது. ஆகவே மூன்றுக்கும் தெளிவான விடை காண்பது நலம்.

எறும்பன்று, வண்டே

ஓடி ஒளியும் அச்சிற்றுயிர் பெரும்பாலும் எறும்பாக இராது. அது ஒரு வண்டு. ஆங்கிலத்தில் 'ரோவ்' வண்டு என்று கூறப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியலார் அக்குடும்பத்திற்கு ஸ்டாஃபிலினிடே என்று பெயரிட்டுள்ளனர். அதன் உடலமைப்பைக் கருதி, இக்கட்டுரையில் அதனைக் 'குறுஞ்சிறகு வண்டு' என்று அழைப்போம்.

வண்டு என்றால் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? முதுகு முழுவதையும் மூடிய கெட்டியான இரண்டு ஓடுகள். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு அவ்வாறே அமைந்துள்ளது. அவ்வோடுகள் உண்மையில் முன்சிறகுகளே. பறப்பதற்குரிய மெல்லிய பின்சிறகுகளைக் காக்கும் மூடிகளாக அவை மாறியுள்ளன. குறுஞ்சிறகு வண்டுக்கோ அம்மூடிகள் மிகவும் குட்டையானவை. அரைச்சட்டை அணிந்தாற்போல் முதுகின் முற்பகுதியை மட்டும் அவை மூடும். வயிற்றுப் பகுதியின் வளையங்கள் ஐந்தோ ஆறோ வெளியே தெரியும். மூடி குட்டையாயினும் அதனடியில் நீண்ட பின்சிறகுகள் பல மடிப்பாக மடிக்கப்பட்டுள்ளன. பறந்து வந்து அமர்ந்ததும் வண்டு தன் வயிற்றை மேலே வளைத்து, அதனையே கைபோற் பயன்படுத்திச் சிறகுகளை உள்ளே மடித்துத் தள்ளும் காட்சி வியப்பளிக்கும்.

இக்குடும்பம் சிறியதன்று. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட குறுஞ்சிறகு வண்டு இனங்கள் 60,000க்கும் மேற்பட்டவை. அவை இலைச்சருகிலும் சாணத்திலும் ஆற்றோர மணலிலும் எறும்புப் புற்றிலும் கறையான் புற்றிலும் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு பகுதியே காளானைத் தன் வீடாகக் கொண்டது.

படிப்படியாக இனங்காணல்

இனங்காண்பது என்பது ஒரே பார்வையில் பெயர் சொல்லிவிடுவதன்று. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி கேட்டு, பொருந்தாதவற்றை விலக்கிக்கொண்டே செல்லவேண்டும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் முதல் நான்கு படிகளையும் நாமே கடந்துவிடலாம்.

முதற் படி: அது எறும்பா? எறும்பின் உணர்கொம்பு முழங்கையைப்போல் மடிந்திருக்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே ஒடுங்கிய இடுப்பும் தெளிவாகத் தெரியும். குறுஞ்சிறகு வண்டின் உணர்கொம்பு மணிகளைக் கோத்தாற்போல் இருக்கும். முழங்கை மடிப்பு இராது. இடுப்பும் அவ்வாறு ஒடுங்காது.

இரண்டாம் படி: வால் நுனியில் இடுக்கி உள்ளதா? குறுகிய முன்சிறகுடைய வேறொரு பூச்சியும் உண்டு. அதன் வால் நுனியில் குறடு போன்ற இடுக்கி இருக்கும். அது வண்டினத்தைச் சேர்ந்ததன்று. குறுஞ்சிறகு வண்டுக்கு அத்தகைய இடுக்கி கிடையாது. தொட்டவுடன் துள்ளிக் குதித்தால் அதுவும் வண்டன்று. காளானிலும் சருகிலும் திரளாக வாழும் துள்ளுயிர்களுள் ஒன்றாக இருக்கலாம்.

மூன்றாம் படி: உடல் படகைப்போன்று உள்ளதா? காளானில் வாழும் மற்றொரு சிறு வண்டு, இரு முனையும் கூம்பி, வழவழப்பாகப் பளபளக்கும். அதன் ஓடுகள் வயிற்றின் பெரும்பகுதியை மூட, கூரிய நுனி மட்டும் வெளியே தெரியும். தோற்றத்தில் வேறுபட்டிருப்பினும், இதுவும் குறுஞ்சிறகு வண்டுக் குடும்பத்தின் ஒரு கிளையே என்று இன்றைய அறிவியலார் கொள்கின்றனர். நாம் தேடுவது இதுவன்று; வயிற்று வளையங்கள் திறந்து கிடக்கும் வண்டே நாம் தேடுவது.

நான்காம் படி: காளான் புதியதா, அழுகியதா? இக்கேள்வி வண்டைப் பற்றியதன்று போல் தோன்றும்; ஆயினும் மிக இன்றியமையாதது. காளான் அழுகத் தொடங்கியதும் ஈக்கள் அதில் முட்டையிடும், புழுக்கள் நெளியும். அப்புழுக்களை வேட்டையாடப் பெரிய குறுஞ்சிறகு வண்டுகள் வந்து சேரும். அவை காளானுக்காக வந்தவையல்ல, இரைக்காக வந்தவை. மாறாக, புத்தம் புதிய குடையின் மடிப்புகளுக்கிடையே, ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை நீளமுடைய வண்டுகள் கூட்டமாக இருந்தால், அவை காளானையே நம்பி வாழும் கைரோஃபீனா வகையைச் சேர்ந்தவையாக இருத்தல் கூடும்.

ஐந்தாம் படிக்கு நுண்பெருக்கி வேண்டும். கைரோஃபீனா, அலியோகாரினே என்னும் துணைக் குடும்பத்தில் அடங்கும். இத்துணைக் குடும்பத்தின் தனி அடையாளம், உணர்கொம்பு முளைக்கும் இடமாகும். மற்றப் பெரும்பாலான குறுஞ்சிறகு வண்டுகளுக்கு உணர்கொம்பு தலையின் முன்னோரத்தில், கடைவாய்க்கு மேலே தொடங்கும். அலியோகாரினே வண்டுகளுக்கோ, தலையின் மேற்புறத்தில், இரு கண்களுக்கும் இடையே தொடங்கும். அடுத்துக் கால் விரற்கணுக்களை எண்ணவேண்டும். கைரோஃபீனாவுக்கு முன்காலில் நான்கு, நடுக்காலில் நான்கு, பின்காலில் ஐந்து எனக் கணுக்கள் அமைந்துள்ளன. அகன்ற தலையும், நீளத்தினும் அகலம் மிகுந்த கழுத்துத் தட்டும், பளபளப்பான மேனியும் இவ்வகைக்குரிய தோற்றம்.

இன்ன இனம் என்று உறுதி கூறுவது இறுதிப் படி. ஆண் வண்டின் வயிற்று நுனித் தகடுகளில் இனத்திற்கு இனம் வேறுபடும் சிறு பற்களும் மேடுகளும் உள்ளன. அவற்றோடு உடலுள் மறைந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும் பிரித்தெடுத்து ஒப்பிட்டால்தான் ஐயமற்ற முடிவுக்கு வரலாம். நிறத்தை மட்டும் கண்டு பெயர் சூட்டுவது பிழையாகும். ஏனெனில், ஒரே காளானில் ஒத்த நிறமுடைய இரண்டு மூன்று இனங்கள் கலந்து வாழ்வதுண்டு.

அறிஞர் சிலரின் உழைப்பு

கைரோஃபீனா என்னும் பெயரை 1830 ஆம் ஆண்டில் மன்னர்ஹைம் என்னும் பின்லாந்து அறிஞர் வழங்கினார். ஆசியாவின் குறுஞ்சிறகு வண்டுகளைப் பெருமளவில் ஆராய்ந்தவர் மால்கம் கேமரன் என்பவர். இவர் பிரிட்டிஷ் கப்பற்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். சிங்கப்பூரிலும் மலாயாத் தீபகற்பத்திலும் கிடைத்த இனங்கள் பலவற்றை விவரித்தார். இந்தியப் பகுதியின் குறுஞ்சிறகு வண்டுகளைப் பற்றிய அவருடைய பெருந்தொகுதிகள் 1930 முதல் 1939 வரை வெளிவந்தன. பின்னர், காளான்வாழ் வண்டுகளின் உறவுமுறையை அமெரிக்க அறிஞர் ஸ்டீவ் ஆஷ் 1984 ஆம் ஆண்டில் விரிவாக வகைப்படுத்தினார்.

இத்தனை பேர் உழைத்தும் பணி முடிந்தபாடில்லை. நம் நாட்டுக் காடுகளில் இன்னும் பெயரிடப்படாத சிறு வண்டுகள் பல உள்ளன.

காளானே வீடு, காளானே உணவு

காளானின் குடை, மரத்திற்குக் கனி போன்றது. மண்ணிலும் மரக்கட்டையிலும் பரவிக்கிடக்கும் நுண்ணிய இழைகளே காளானின் உடல். வித்துகளைப் பரப்புவதற்காக மட்டும் அவ்வுடல் குடையை வெளியே அனுப்புகிறது. குடையின் அடியிலுள்ள மடிப்புகளின் மேற்பரப்பில் கோடிக்கணக்கான வித்துகள் உண்டாகின்றன. கைரோஃபீனா வண்டு உண்பது அம்மேற்பரப்பையும் வித்துகளையுமே. அதன் வாயுறுப்பின் ஒரு பகுதியில் துடைப்பத்தைப் போன்று நெருங்கிய முட்கள் உள்ளன. அத்துடைப்பத்தால் மடிப்பைச் சுரண்டி வித்துகளை வாரி உண்கிறது. இளம் புழுவும் அதே மடிப்பில் அதே உணவை உண்டு வளர்கிறது.

இவ்வாழ்க்கையில் ஓர் இடர் உண்டு. மென்மையான காளான் சில நாட்களிலேயே அழுகிச் சரிந்துவிடும். வீடு இடிவதற்குள் பிள்ளை வளர்ந்தாக வேண்டும். ஆகவே, இவ்வண்டின் புழுப்பருவம் மிக விரைவாக, சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. முழு வளர்ச்சியடைந்த புழு காளானை விட்டு இறங்கி மண்ணுக்குள் சென்று கூட்டுப் பருவம் அடைகிறது. வெளிவரும் புதிய வண்டு சிறகு விரித்து வேறொரு புதிய காளானைத் தேடிப் பறக்கிறது.

நெருங்கிய உறவினமான யூமைக்ரோட்டா வண்டின் செயல் இன்னும் வியப்புக்குரியது. பெண் வண்டு காளானில் சிறு குழி குடைந்து, அதில் முட்டையிட்டுக் காவல் காக்கிறது. இதனை ஸ்டீவ் ஆஷ் 1987 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். கடுகளவு உடலிலும் தாய்மைப் பொறுப்பு குடிகொண்டிருப்பதை என்னென்பது!

அஞ்சவேண்டிய உறவினர்

இனி இரண்டாம் ஐயத்திற்கு வருவோம். காளானில் வாழும் கைரோஃபீனா நம்மைக் கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. அதனால் தோல் வேவதுமில்லை. ஆனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு வண்டு நம் வீட்டு விளக்கொளியை நாடி வருகிறது. அதன் அறிவியற் பெயர் பெடரஸ் ஃபுசிபெஸ். மலாய்மொழியில் 'செமுட் காயாப்' என்பர். 'சார்லி' என்று அழைப்போரும் உண்டு. 'செமுட்' என்றால் எறும்பு. 'காயாப்' என்றால் நாம் அக்கி என்று கூறும் நோய். உண்மையில் அது எறும்புமன்று; அதனால் வருவது அக்கியுமன்று. அக்கி ஒரு நச்சுயிரியால் வரும் நோய். இவ்வண்டால் உண்டாவது நஞ்சு பட்டதால் வரும் தோல் புண்.

இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. பெடரஸ் வண்டு ஏறத்தாழ 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீண்டு ஒல்லியாக இருக்கும். கருந்தலை, செம்மஞ்சள் மார்பு, நீலம் மின்னும் குறுஞ்சிறகு, செம்மஞ்சள் வயிறு, கறுத்த வால் நுனி என அதன் மேனி பட்டை பட்டையாக நிறம் மாறும். காளான் வண்டோ அதில் மூன்றில் ஒரு பங்கு நீளமே உடையது. அத்தகைய பளிச்சிடும் பட்டைகள் அதற்கு இல்லை. முன்னது நெல்வயல் போன்ற ஈரநிலங்களில் பெருகி இரவில் விளக்கடிக்கு வரும். பின்னது காளானை விட்டு எளிதில் அகலாது.

பெடரஸ் வண்டின் குருதியில் பெடரின் என்னும் கடும் நஞ்சு உள்ளது. அதனை உண்டாக்குவது பெண் வண்டின் உடலுள் குடியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரே என்று 2002 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. வண்டைத் தோலின்மேல் நசுக்கினால்தான் நஞ்சு வெளிப்படும். உடனே வலிக்காது, ஒரு நாள் கழிந்தபின் கோடு இழுத்தாற்போல் சிவந்து எரிந்து கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால், மடங்கும் மறுபுறத்திலும் அதே புண் உண்டாகும். நஞ்சு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் கண்ணும் வீங்கும்.

ஆகவே, இவ்வண்டு உடலில் ஏறினால் அடிக்கவோ தேய்க்கவோ கூடாது. ஊதித் தள்ளுக, அல்லது ஒரு தாளில் ஏறச்செய்து அப்புறப்படுத்துக. தற்செயலாக நசுங்கிவிட்டால் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு நீரால் நன்கு கழுவுக; உடுத்திய துணியையும் துவைத்துவிடுக. கண்ணில் பட்டாலோ கொப்புளம் பரவினாலோ மருத்துவ விடுதியை நாடுக. அக்கி என்றெண்ணிக் காவி பூசிக் காலங்கடத்துவதால் பயனில்லை. அந்திவேளையில் சன்னலை மூடுவதும், வேண்டாத விளக்கை அணைப்பதும், படுக்கை விரிப்பையும் துண்டையும் உதறிப் பயன்படுத்துவதும் நல்ல காப்பு முறைகள்.

எனினும், இவ்வண்டையும் முற்றிலும் பகையென்று ஒதுக்குவதற்கில்லை. நெற்பயிரை அழிக்கும் புகையான் முதலிய பூச்சிகளை அது தின்று உழவர்க்கு உதவுகிறது. வயலில் அது நண்பன். படுக்கையில் மட்டுமே தொல்லை.

பூச்சி தின்றதை நாம் தின்னலாமா?

மூன்றாம் ஐயமே எல்லாவற்றிலும் முதன்மையானது. "பூச்சி அரித்த காளானில் நஞ்சில்லை, பூச்சிக்கு ஆகாததுதான் நமக்கும் ஆகாது" என்னும் நம்பிக்கை பலரிடம் உள்ளது. இது தவறான நம்பிக்கை. உயிருக்கே தீங்கு விளைவிக்கக்கூடியது. பூச்சியின் உடல் வேறு, மனித உடல் வேறு. மனிதரின் கல்லீரலைச் சிதைக்கும் அமானிட்டா வகைக் காளான்களின் நஞ்சைத் தாங்கிக்கொண்டு, அவற்றிலேயே பிறந்து வளரும் ஈப்புழுக்கள் உள்ளன என்பது ஆய்வில் தெரிந்த உண்மை. அத்தகைய காளானை உண்டவருக்கு ஆறு மணி நேரத்திற்கும் மேலாக எவ்வித அடையாளமும் தோன்றாமலிருக்கலாம். அதற்குள் நஞ்சு உடலிற் கலந்துவிடும். கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும் பயனற்ற சோதனையே.

நம் வீட்டு வாசலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திடலிலும் புல்தரையிலும் மழைக்குப்பின் முளைக்கும் பெரிய வெண்குடைக் காளான் ஒன்று, குடையின்மேல் பழுப்புச் செதில்களைக் கொண்டிருக்கும். இளமையில் அதன் அடிமடிப்பு வெண்மையாக இருப்பதால் உண்ணத்தக்க காளான் என்று பலர் ஏமாறுகின்றனர். முதிர்ந்தபின் மடிப்பு பசுமை கலந்த நிறமடையும். இதன் அறிவியற் பெயர் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். உண்ட சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். சிறு பிள்ளைகளுக்கு இது பேரிடராகும்.

பெற்றோர் காலந்தொட்டு அறிந்த காளானாயினும், ஐயம் சிறிதேனும் எழுந்தால் உண்ணாது விடுவதே அறிவுடைமை. உண்டபின் உடல்நலம் குன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. சமைக்காத காளான் எஞ்சியிருந்தால், ஒரு துண்டைத் தாளில் சுற்றி உடன் கொண்டு செல்க. மருத்துவருக்கு அது பெருந்துணையாகும்.

மாணவர்கள் செய்யத்தக்கது

காளான் வண்டைக் கற்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, மெல்லிய தூரிகை, மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பி, குறிப்பேடு ஆகியவை போதும். முதலில் காளானை இருந்த இடத்திலேயே பார்த்து, எதன்மேல் முளைத்தது, புதியதா அழுகியதா என்று குறித்துக்கொள்க. பின்னர் குடையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் மெல்லத் தட்டினால் வண்டுகள் உதிரும். ஈரத் தூரிகையின் நுனியால் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, சாராயம் கலந்த நீரிலிட்டுக் குப்பியை மூடுக. சாராயத்தைக் கையாளுவது ஆசிரியரின் மேற்பார்வையில் நடைபெறட்டும்.

குடையை வெள்ளையும் கறுப்பும் ஒட்டிய தாளின்மேல் கவிழ்த்து, ஓர் இரவு முழுவதும் கிண்ணத்தால் மூடி வைத்தால், வித்துகள் உதிர்ந்து நிறம் காட்டும். காளானை இனங்காண இவ்வித்து நிறம் சிறந்த துணை. காளானைத் தொட்டபின் கையைக் கழுவுவதை மறத்தல் ஆகாது.

குப்பிக்குள் இடும் சீட்டில் இடம், தேதி, காளானின் விவரம், எடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதவேண்டும். சீட்டில்லாத வண்டு முகவரியில்லாத கடிதம் போன்றது. எவ்வளவு அரியதாயினும் அறிவியலுக்குப் பயன்படாது. ஒதுக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி எதையும் எடுத்தல் கூடாது என்பதையும் மனத்திற் கொள்க. கெப்போங்கில் 1929 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வன ஆராய்ச்சிக் கழகமும், நெகிரி செம்பிலானின் பாசோ ஒதுக்குக் காடும் நம் நாட்டுக் காட்டுயிர்களை ஆராயும் புகழ்பெற்ற இடங்கள். பூச்சியியலை விரும்பிக் கற்கும் மாணவருக்கு அத்துறை திறந்தே இருக்கிறது.

இரண்டு மில்லிமீட்டர் வண்டு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. உருவம் ஒத்திருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடா. ஒரே குடும்பத்தில் தீங்கற்ற காளான் வண்டும் உண்டு, தோலைப் புண்ணாக்கும் விளக்கடி வண்டும் உண்டு. ஒரே திடலில் உண்ணத்தக்க காளானும் நச்சுக் காளானும் அடுத்தடுத்து முளைக்கின்றன. அடுத்த மழைக்குப்பின் பிள்ளைகள் காளானைக் கையில் ஏந்தி வீட்டுக்கு வரும்போது, அதனை உலையில் இடுவதற்கு முன்னர் அடிமடிப்பைத் திருப்பி அவர்களோடு சேர்ந்து பாருங்கள். அங்கே ஓடும் சிறு வண்டைக் காட்டி, அது அக்காளானைத் தின்பதால் நாமும் தின்னலாம் என்று பொருளில்லை என்பதையும் அன்றே சொல்லிக்கொடுங்கள்.